உனக்கு முன்னால் அவன் சாப்பிட்டான்

என் பிரியமான கோமளாவுக்கு,

அம்பத்தூர் பேருந்து நிலையத்தில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். எதிரே இருந்த செருப்புக் கடையில் நம் வேலுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போகிற வருகிற ஆட்களெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள். நீ மட்டும் காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாய். "இன்னாங்க, இது நம்ம புள்ள குரல்தானா? இல்ல, நம்ம புள்ள மாதிரி வேற யாராச்சும் பாடறாங்களா?"

நான் வழக்கம்போல உதாரணத்தில் இறங்கினேன். தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் பென்சிலைப் போட்டால் வளைந்து தெரியும், வெளியே எடுத்தால் நேராக இருக்கும், இரண்டும் ஒரே பென்சில்தான் என்றேன். "எனக்குப் பென்சில் கதயெல்லாம் வேணாம். ஆமாவா, இல்லியா?" என்றாய். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. இடம் பிடிக்கிற அவசரத்தில் நான் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரர் மூன்று மாடி கட்டிவிட்டதால் நம் சமையலறைக்கு வெயில் ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறது. அதுவரை அங்கே ஒரு சாம்பல் நிற வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் காபி போடும்போது நீ பின்னால் நின்று பால் பொங்குகிறதா என்று பார்ப்பது போலவே இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் நீ இல்லை என்று தெரிந்துவிடும், அதனால்தான்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் நான் செய்த ஒரு தவறையும், அதற்குப் பிறகு நடந்ததையும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். வேலு பாட்டை விட்டுவிட்டான். கிறிஸ்தவனாகிவிட்டான். திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் இருக்கிற மாவு மில்லை இப்போது அவன்தான் எடுத்து நடத்துகிறான். மில்லுக்கு மேலேயே ஒரு அறை, அதில் தங்கியிருக்கிறான்.

பச்சை நிறத்தில் நெற்றியில் விழுந்துகொண்டிருந்த முடி இல்லை. ஒட்ட வெட்டியிருக்கிறான். காதில் கடுக்கன் இருந்த இடத்தில் ஒரு சின்னத் துளைதான் மிச்சம். கழுத்தில் பச்சை குத்தியிருந்த மைக் மட்டும் போகாது அல்லவா, அது இருக்கிறது. அதன் மேலும் மாவு படிந்து, மூடுபனியில் தெரிகிற தெருவிளக்கு மாதிரி மங்கலாகத் தெரிகிறது. புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளை. பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே, வெள்ளைத் தூசிக்குள், அவன் சத்தமில்லாமல் நடமாடுவதைப் பார்த்தால் எனக்குக் கனவு காண்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிடும்.

ஒருநாள் நானும் அரிசி டின்னோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் அவனையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணாத்தே, நீ அந்த வெல்வெட் வேலு மாதிரியே கீறியே?"

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்கக்கா."

"அவன் பாட்டுன்னா எங்க ஊட்டுக்காரருக்கு உசுரு. இப்ப ஆளையே காணோம். செத்துகித்துப் பூட்டானா?"

"தெரிலக்கா. உன் கோதுமயில கல்லு கீது. பொறுக்கிக்கினு வா, அரச்சித் தரேன்."

அவள் போன பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். பல்லும் மாவும் ஒரே வெள்ளையாக இருந்தன.

எப்படி இதெல்லாம் நடந்தது என்று நீ கேட்பாய். நீ போன பிறகு சில மாதங்கள் அவன் குடித்த குடியை உனக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போய் மில் நின்றிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த தூசி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அந்த அமைதியில் அவனே சொன்னான். மேடையில் முக்கால்வாசிப் பாட்டுக்கு வாயசைப்புதானாம். முன்பே பதிவு செய்த அவன் குரல் பின்னால் ஓடுமாம். ஆவடிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரி விழாவில் பாடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"நடுவுல அம்மா நெனப்பு வந்துச்சு நைனா. வாயத் தொறக்க முடில. மைக்கக் கீழ எறக்கிட்டு சும்மா நின்னுகினேன். பாட்டு அது பாட்டுக்கு ஓடிகினே கீது. ஆடறவன் ஆடிகினே கீறான். ஒருத்தனும் பாக்கல. நான் இல்லன்னாலும் நான் பாடுவேன் போலன்னு தோணிச்சு. பயந்துட்டேன்."

அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற நண்பன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கள்ளிக்குப்பத்துக்கு அழைத்துப் போயிருக்கிறான். பெயிண்ட் கடைக்கு மேலே ஓடு போட்ட ஒரு ஜெபக் கூடம். படியோரம் செருப்புகளை ஜோடி ஜோடியாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "பேர் இன்னா தம்பி?" என்று கேட்டாராம். வேலு என்றானாம். "உள்ள வந்து உக்காரு வேலு" என்றாராம்.

"அவ்ளோதான் நைனா" என்றான்.

அவ்வளவுதானா? ஆயிரம் பேர் கத்திக் கூப்பிட்ட பெயரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டதா ஒரு மனிதனை மாற்றிவிடும்? எனக்கு இன்னும் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டியது என் வேலையா என்பதும் தெரியவில்லை. அவன் குடிப்பதில்லை. விடிவதற்குள் எழுந்து முழங்காலில் நின்று ஜெபிக்கிறான். கூடத்தில்கூட மேடை ஏறுவதில்லையாம். பின் வரிசையில் நின்று கை தட்டுகிறானாம். "எல்லாரும் சேந்து பாடறப்ப என் குரல் எனக்கே கேக்காது நைனா. அது நல்லாக் கீது" என்றான்.

ஞானஸ்நானம் எடுப்பதற்கு முந்தைய வாரம் வந்து என்னிடம் சொன்னான். "பேர மாத்தல. அம்மா வச்சது" என்றான். நான் நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். "அம்மா உயிரோட இருந்தா இத செய்வியா?" என்றுதான் என் வாயில் வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கேள்வியை நீயே கேட்டிருக்க மாட்டாய், இல்லையா?

இனி என் தவறுக்கு வருகிறேன்.

உன் இரண்டாம் வருடப் படையல். பாரிவாக்கத்திலிருந்து என் தங்கை மல்லிகா வந்து சமைத்தாள். உன் சிவப்புக் கரைப் புடவையை மடித்துப் பலகையில் வைத்து, விளக்கேற்றி, உனக்குப் பிடித்த கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் வடையும் பாயசமும் இலையில் வைத்தோம். வேலு வரவில்லை. படைத்ததை அவர்கள் சாப்பிடுவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தான். சரி என்று நானும் சொல்லியிருந்தேன்.

ஆனால் எல்லாம் முடிந்து, உன் இலையில் இருந்ததைப் பங்கிட்டு நானும் மல்லிகாவும் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பெற்ற பிள்ளை வாயில் ஒரு பிடி போகாமல் இது என்ன படையல்? டிபன் கேரியரில் போட்டு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். "கடையில வாங்கினேன்டா, சாப்பிடு" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் மல்லிகா அவனுக்கு போன் போட்டாள். "டேய் வேலு, உங்காத்தா சோறு இனிச்சுதா? சாமியாரே, உன் வெரதம் அவ்ளோதான் போ!" என்று சிரித்தாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பொய் என்னுடையது.

கேரியரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. "ஏன் நைனா பொய் சொன்ன? கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அத சொல்ல உட்டிருக்கலாமே" என்றான்.

பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் யாராவது ஒரு மாணவன் குப்பியின் மேல் தப்பான சீட்டை ஒட்டினால் நான் எப்படிக் கோபப்படுவேன் என்று உனக்குத் தெரியும். சீட்டைப் படித்துவிட்டு நம்பிக் கை வைக்கிறவன் விரல் அல்லவா வெந்துபோகும் என்பேன். பணியில் இருந்த காலமெல்லாம் அதைச் சொன்னவன், என் பிள்ளைக்குக் கொண்டுபோன கேரியரில் என்ன சீட்டு ஒட்டினேன் பார்த்தாயா?

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவன் நம் வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லை. வராமல் இல்லை. மில்லை மூடிவிட்டுத் தினமும் வருவான். மாத்திரை போட்டேனா என்று கேட்பான். நான் காபி என்பேன், முறுக்கு என்பேன், பழமாவது சாப்பிடடா என்பேன். "வேணாம் நைனா." பானையிலிருந்து தானே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போவான். நம் வீட்டில் அவனால் சந்தேகமில்லாமல் வாயில் வைக்க முடிந்தது அது ஒன்றுதான். அந்த டம்ளரைக் கழுவ எனக்குக் கை வராது.

போன மாதம் உன் மூன்றாம் வருடம். நாலு நாள் முன்னால் அவனே பேச்சை எடுத்தான். "இந்த வருசம் நான் வரேன் நைனா. ஊட்ல சாப்புடறேன். ஆனா படச்சது வேணாம். படைக்கறதுக்கு மின்ன போட்டா சாப்புடறேன்."

கோமளா, ஒரு வருடம் கழித்து அவன் நம் வீட்டில் சோறு கேட்கிறான். வேண்டாம் என்று நான் சொன்னால் இன்னொரு முறை கேட்பானா? ஆனால் சரி என்று எப்படிச் சொல்வேன்? படையல் முடிகிறவரை வீட்டில் யார் வாயிலும் ஒன்றும் படக்கூடாது. சமைக்கிறவள்கூட நாக்கில் தொட்டுப் பார்க்கக் கூடாது. முதல் பிடி போனவர்களுக்கு. நம் வீட்டில் இது மாறியதே இல்லை.

முதல் நாளே கருவாட்டோடு வந்து இறங்கிய மல்லிகா கேட்டதும் குதித்தாள். "இன்னாண்ணா, உனுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? செத்தவளுக்கு மின்ன புள்ள துன்னா அதும்பேரு படையலா? எச்சி! அண்ணி ஆசையா வந்து குந்தறப்ப மிச்சத்தையா வப்ப?"

"அவன் அதச் சாப்பிட மாட்டேங்கறானேம்மா."

"அப்ப தனியா ஒரு சட்டில ஆக்கித் தரேன். படையல் முடிஞ்சதும் அவனுக்கு அத்தப் போடு. ஆச்சா?"

அது சுலபமான வழிதான். யாருக்கும் குறையில்லை. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. உனக்கு ஒரு சட்டி, உன் பிள்ளைக்கு ஒரு சட்டி என்று அடுப்பில் இரண்டை ஏற்றிவிட்டால், இந்த வருடம் இரண்டு சட்டி, அடுத்த வருடம் இரண்டு அடுப்பு, அப்புறம் இரண்டு வீடு. பாசி பிளந்து பெருகுவதை இப்படித்தான் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன்.

அன்று மத்தியானம் நாற்காலியிலேயே கண் சொருகிவிட்டது. மல்லிகா பருப்பு அரைக்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத அந்த நேரத்தில் என் அப்பாவுக்குப் படைத்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. வேலுவுக்கு அப்போது நாலு வயது இருக்கும். பூசைக்கு நேரமாகிவிட்டது. பசியில் அவன் தரையில் புரண்டு அழுதான். நான் தண்ணீர் எடுக்க உள்ளே வந்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுடச்சுட ஒரு வடையைப் பிட்டு ஊதி ஊதி அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துப் பயப்படவே இல்லை. "செத்தவங்க பசி தாங்குவாங்க, கொழந்த தாங்குமா? பாத்துகினு நிக்காதீங்க. யாராச்சும் வரப்போறாங்க, மறச்சிக்கோங்க" என்றாய். நான் வாசற்படியில் வேட்டியை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண் விழித்தபோது வேட்டி முனை இரண்டும் என் கையில் இருந்தன. முப்பது வயதைத் தாண்டியவன் குழந்தையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உனக்கு அவன் எப்போது குழந்தை இல்லாமல் போனான்?

மறுநாள் காலை மல்லிகாவிடம் சொன்னேன். ஒரே சட்டி, முதல் இலை அவனுக்கு என்றேன். கரண்டியைத் தட்டென்று வைத்தாள். "அண்ணி கனாவுல வந்து என்னியக் கேட்டா நான் உன்னியத்தான் கை காட்டுவேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தான். கூடத்தில் உன் புடவை மடித்து வைத்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சமையலறைத் தரையில் இலை போட்டேன். உட்கார்ந்தான். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டே பரிமாறினாள். சோற்றின் ஆவியும் வெயிலும் கலந்து அவன் முகம் தெரியாமல் தெரிந்தது. கண்ணை மூடி உதட்டை அசைத்தான். ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தான். மென்றான். நிறுத்திவிட்டான்.

எழுந்துவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"அத்த."

"இன்னாடா? இதும் உங்க சாமிக்கு ஆவாதாமா?"

"கொழம்புல உப்பே இல்ல."

மல்லிகா சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் இன்னா நாக்குல வச்சிப் பாத்துட்டா ஆக்கறேன்? போன வருசம் ஒரேயடியாக் கரிச்சுதேன்னு பயந்துகினு இந்த வருசம் போடவே மறந்துட்டேன் போல" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆமாம் கோமளா, போன வருடம் உனக்கு வைத்த குழம்பு வாயில் வைக்க முடியாத கரிப்பு. படையல் சோற்றில் குறை சொல்லக் கூடாது என்று நானும் அவளும் வாய் திறக்காமல் சாப்பிட்டு முடித்தோம்.

"போன வருசம் கடல் தண்ணி அத்த" என்றான் வேலு.

"அப்பறம் ஏண்டா ஒரு பருக்க உடாமத் துன்ன?"

"நைனா எதிர்லயே நின்னுகினு இருந்தாரு."

அவன் தலை நிமிராமல்தான் சொன்னான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "கடைச் சோறுன்னு சொன்னது தப்புடா வேலு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். ஒரு வருடமாக வாயில் வைத்துக்கொண்டிருந்த வாக்கியம். வகுப்பில் எத்தனையோ முறை பிள்ளைகளைச் சொல்ல வைத்திருக்கிறேன். அது இவ்வளவு கனம் என்று தெரியாது.

"சரி நைனா" என்றான். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."

மல்லிகா உப்பைப் போட்டுக் கலக்கினாள். அவன் நாக்கில் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றான், இப்ப சரி என்றான். அதற்குப் பிறகுதான் உன் இலையில் பரிமாறினோம். கற்பூரம் ஏற்றி, நீ சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு மூவரும் வாசலுக்கு வந்தோம். வேலு கும்பிடவில்லை. ஆனால் போகவும் இல்லை. என் பக்கத்தில், தோள் உரச, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கதவிடுக்கில் புகை மெல்லக் கசிந்தது. ஆவடி போகிற மின்சார ரயில் கடந்து போனது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஷ்ஷ்" என்றாள் மல்லிகா. "அண்ணி சாப்புட்டுகினு இருப்பாங்க."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக உனக்கு உப்பு சரியாக இருந்த குழம்பு கிடைத்தது. இதைத்தான் உனக்கு எழுதத் துடித்தேன். இரண்டாவதாகச் சாப்பிட்டதில் உனக்கு வருத்தமா? இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நீ சிரித்தாயா? பேருந்து நிலையத்தில் நீ கேட்டதற்கும் இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்: "கொழம்புல உப்பே இல்ல" என்றது நம்ம புள்ள குரல்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கிறவரை இந்த நாளில் அவன் இலைதான் முதலில் விழும். அவன் வேண்டாம் என்றால், அந்த 'வேண்டாம்' என்பதையும் அவன் வாயால் சொல்லவிட்டுக் கேட்டுக்கொள்வேன்.

நம் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் வேறு பாதையில் போய்விட்ட ஒருவர் இருந்தால், "உனக்கு என்ன செய்து போடட்டும்?" என்று இன்று கேளுங்கள், அவர் சொல்வதை மட்டும் சமைத்து, அவருக்கு முதலில் பரிமாறுங்கள்.

உன் வீட்டுக்காரர்,
வேலுவின் நைனா